மொட்டைமாடியில் ஒரு நெகட்டிவ்

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தை நீலக் கலரில் ஒரு படமாகப் போட்டிருந்தேன். "டாக்டர், இது எந்த ஆப்?", "என்ன ஃபில்டர் மேடம்?" என்று ஏகப்பட்ட கேள்விகள்.

ஆப் எதுவும் இல்லைங்க. இரண்டு ரசாயனம், ஒரு வாட்டர்கலர் தாள், வீட்டில் இருக்கும் சாதாரண இங்க் டேங்க் பிரிண்டர், எங்க ஊர் வெயில். கூடவே பேச்சு சரியாக வராத, வலது கை ஓடாத என் அப்பா.

அந்தக் கதையைத்தான் இந்தத் திரெட்டில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். செய்முறை இருக்கு, எச்சரிக்கை இருக்கு, வழக்கம்போல ஒரு மருத்துவச் செய்தியும் இருக்கு. டீயை எடுத்துக்கிட்டு உட்காருங்க.

முதலில் அந்த நீலம்

இதற்குப் பெயர் சயனோடைப். 1842-ல் ஜான் ஹெர்ஷல் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி கண்டுபிடித்த முறை. அடுத்த வருடமே, 1843-ல், அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி கடற்பாசிகளை இந்தத் தாளின் மேல் பரப்பி, வெயிலில் காட்டி, புத்தகமாகவே வெளியிட ஆரம்பித்துவிட்டார். பிற்பாடு இன்ஜினியர்கள் கட்டட வரைபடத்தை நகலெடுக்க இதையே பயன்படுத்தினார்கள். "ப்ளூ பிரிண்ட் போட்டாச்சா?" என்று இன்றைக்கும் கேட்கிறோமே, அந்த ப்ளூ இதுதான்.

தேவைப்படுவது இரண்டே பொருள். ஒன்று, ஃபெரிக் அமோனியம் சிட்ரேட். எங்கேயோ படித்த பெயர் மாதிரி இருக்கா? வீட்டில் இரும்புச்சத்து டானிக் இருந்தால் லேபிளைத் திருப்பிப் பாருங்க. பல டானிக்குகளில் இரும்பு இந்த வடிவத்தில்தான் இருக்கிறது. (உடனே டானிக்கைத் தாளில் பூசிப் பார்க்க வேண்டாம். எறும்புதான் வரும்.)

இன்னொன்று பொட்டாசியம் ஃபெரிசயனைடு.

இரண்டையும் தனித்தனியாகத் தண்ணீரில் கரைத்து, சம அளவு கலந்து, தாளில் பூசி, இருட்டில் காயவைக்கணும். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் பட்ட இடத்தில் ஃபெரிக் இரும்பு ஃபெரஸ் இரும்பாக மாறும். அது ஃபெரிசயனைடோடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத பிரஷ்யன் ப்ளூவாகத் தாளின் நாருக்குள் உட்கார்ந்துகொள்ளும். வெயில் படாத இடத்தில் இருக்கும் மருந்து, கழுவும்போது போய்விடும். அங்கே வெள்ளைத் தாள். அவ்வளவுதான் ரகசியம்.

டாக்டர்களுக்கு பிரஷ்யன் ப்ளூ பழைய சிநேகிதம். எலும்பு மஜ்ஜையில் இரும்பு இருக்கிறதா என்று பார்க்க லேபில் போடும் பெர்ல்ஸ் சாயத்தில் தெரிவது இதே நீலம்தான். தாலியம் விஷத்துக்கு இதுவே மருந்து. 1987-ல் பிரேசிலின் கோயானியா நகரில் சீசியம் கதிரியக்கப் பொருள் பலரின் உடம்புக்குள் போனபோது, அதை வெளியேற்றக் கொடுத்ததும் பிரஷ்யன் ப்ளூதான்.

சரி, நெகட்டிவ் எதுக்கு?

வெயில் பட்டால் நீலம், படாவிட்டால் வெள்ளை. அப்படின்னா படத்தில் வெள்ளையாக வரவேண்டிய வானத்துக்கு மேல் வெயிலை மறைக்க ஏதாவது இருக்கணும். கருப்பாக வரவேண்டிய நிழலுக்கு மேல் வெயில் புக வழி இருக்கணும். எல்லாமே தலைகீழ். அதுதான் நெகட்டிவ்.

எக்ஸ்ரே பார்த்திருப்பீங்க. எலும்பு வெள்ளை, நுரையீரல் கருப்பு. எலும்பு எக்ஸ்ரே கதிரைத் தடுத்துவிட்டதால் அந்த இடத்தில் பிலிம் கருக்கவில்லை. காற்று நிறைந்த நுரையீரல் வழியாகக் கதிர் போய்விட்டதால் அங்கே கருத்துவிட்டது. நாங்கள் தினமும் ஓபியில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பது நெகட்டிவைத்தான்.

இன்னொரு சிக்கல், சைஸ். சயனோடைப் மருந்துக்கு வேகம் மிகவும் குறைவு. சின்ன நெகட்டிவைப் பெரிதாக்கும் ஸ்டூடியோ என்லார்ஜர் வெளிச்சம் இதற்குப் போதாது. நெகட்டிவைத் தாளோடு ஒட்டவைத்து வெயிலில்தான் காட்டணும். படம் எவ்வளவு பெரிசு வேணுமோ, நெகட்டிவும் அவ்வளவு பெரிசு இருக்கணும்.

அந்தக் காலத்தில் அதற்காகக் கேமராவையே பெரிதாகச் செய்தார்கள். 1858-ல் மெட்ராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் மதுரைக்கு வந்து மீனாட்சி அம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் படமெடுத்தார். பிலிம் இல்லை. மெழுகு ஏற்றிய காகிதம்தான் நெகட்டிவ். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12-க்கு 15 அங்குலம். வானம் வெறுமையாக விழுந்த இடங்களில் நெகட்டிவ் மேலேயே சாயத்தால் மேகம் தீட்டினார். போட்டோஷாப்புக்கு 130 வருடம் முந்திய போட்டோஷாப்.

பிறகு அந்த வேலை அச்சகத்துக்குப் போனது. தீப்பெட்டி லேபிள், காலண்டர், நோட்டு அட்டை எல்லாவற்றுக்கும் முதலில் பெரிய பிலிம் எடுக்கணும். சிவகாசியில் ஒரு அறையையே அடைத்துக்கொண்டு நிற்கும் கேமராக்கள் இருந்தன. அதில் எடுத்த பிலிமைப் பிளேட்டோடு ஒட்டவைத்து வெளிச்சம் காட்டினால் ஆப்செட் பிளேட் தயார்.

1995-ல் டான் பர்க்ஹோல்டர் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர், கம்ப்யூட்டரில் இருக்கும் படத்தை இப்படிப்பட்ட அச்சகப் பிலிமாகவே எடுத்து, அதை நெகட்டிவாக வைத்துப் பழைய முறைகளில் படம் போடலாம் என்று புத்தகம் எழுதினார். அப்புறம் இங்க்ஜெட் பிரிண்டர்கள் நன்றாக வந்ததும் அச்சகம்கூடத் தேவைப்படவில்லை. ஒளி ஊடுருவும் பிலிமில் வீட்டு பிரிண்டரிலேயே நெகட்டிவ் அடித்துக்கொள்ளலாம். உலகம் முழுக்க சயனோடைப் போடுகிறவர்களில் பலர் இன்றைக்குச் செய்வது இதைத்தான்.

இப்போ அப்பா

எங்க அப்பா சிவகாசியில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் கேமரா செக்ஷன். 26 வருடம். காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறினால் ராத்திரிதான் வீடு. விரல் நகத்தில் எப்பவும் சிவப்பு சாயம் இருக்கும். அது என்னன்னு நான் கேட்டதே இல்லை. கம்ப்யூட்டரிலிருந்து நேராகப் பிளேட் எடுக்கும் மெஷின் வந்த பிறகு பிலிமே தேவைப்படவில்லை. கேமரா செக்ஷனை மூடினார்கள். கடைசி சில வருடம் அப்பா பேக்கிங்கில் காலண்டர் எண்ணிக்கொண்டிருந்தார். அதைப் பற்றியும் நான் கேட்டதில்லை. அப்போ எனக்கு எம்.பி.பி.எஸ் பரீட்சை.

இரண்டு வருடம் முன்னாடி ஒரு ஐப்பசி ராத்திரி. நான் ராஜபாளையம் பக்கம் நைட் டியூட்டியில் இருந்தேன். சாப்பிடும்போது அப்பாவின் கையிலிருந்து டம்ளர் நழுவியிருக்கிறது. பேச்சு குழறியிருக்கிறது. "அசதியா இருக்கும், படுங்க, காலையில பாப்பாகிட்ட கேட்டுக்கலாம்"னு அம்மா படுக்க வைத்துவிட்டார். எனக்கு போன் வந்தபோது காலை ஆறு மணி.

இடது பக்க மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. வலது கை, வலது கால் போச்சு. கூடவே பேச்சும். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான நேரம் தாண்டிப் பல மணி நேரம் ஆகியிருந்தது. பிரஷர் மாத்திரையை மூன்று மாதம் முன்னாடியே நிறுத்தியிருந்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. "நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்தியிருக்கிறார். தினமும் நூறு பேரிடம் "மாத்திரையை நிறுத்தாதீங்க"ன்னு சொல்கிறவள் நான். எங்க வீட்டு மாத்திரை டப்பாவை நான் திறந்து பார்க்கவில்லை.

அப்பாவுக்கு வந்த பேச்சுப் பிரச்சினைக்குப் பெயர் அஃபேசியா. பலர் இதைப் புத்தி மங்கிப்போனதாக நினைக்கிறார்கள். தவறு. நாம் சொல்வது பெரும்பாலும் புரியும். சொல்ல நினைப்பதும் உள்ளே இருக்கும். வார்த்தையை எடுத்து வெளியே வைக்கும் வேலைதான் கெட்டுப்போயிருக்கும். மார்கழியில் கோயில் ஸ்பீக்கரில் திருப்பாவை ஓடும்போது அப்பா கூடவே வரி வரியாகச் சொல்வார். அஞ்சு நிமிஷம் கழித்துத் தண்ணீர் வேணும்னு கேட்க வார்த்தை வராது. பழக்கத்தில் ஊறிய பாட்டும், புதிதாகக் கட்ட வேண்டிய வாக்கியமும் மூளையில் ஒரே பாதையில் போவதில்லை.

முதல் ஆறு மாதம் கால் ஓரளவு வந்தது. அப்புறம் நின்றுவிட்டார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் தங்கமான மனுஷர். பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்வார். அப்பா பந்தைப் பார்ப்பார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் டாக்டர் குரலில் விளக்குவேன், கெஞ்சுவேன், ஒரு நாள் கத்தியும் விட்டேன். பலனில்லை. "இல்ல" என்ற ஒரு வார்த்தை மட்டும் அவருக்குத் தெளிவாக வரும்.

நான் செய்த சொதப்பல்கள்

இந்த நேரத்தில்தான் எனக்கு சயனோடைப் பைத்தியம் பிடித்தது. டியூட்டி இல்லாத ஞாயிறுகளில் மொட்டைமாடியில் வேப்பிலை, முருங்கைக்கீரை, ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி என்று தாளில் வைத்துப் படம் எடுத்தேன். காஸ் துணியின் ஒவ்வொரு இழையும் விழுந்தது. அழகோ அழகு. அப்புறம் ஆசை வந்தது. போனில் இருக்கும் கோபுரப் படத்தை இப்படிப் போட்டால் என்ன?

முதல் சொதப்பல்: ஸ்டேஷனரி கடையில் சாதாரண ஓஹெச்பி ஷீட் வாங்கினேன். பிரிண்டர் மை அதில் ஒட்டாது. வாழை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நின்றது. வேணும் என்றால் இங்க்ஜெட்டுக்கென்றே மேல்பூச்சு போட்ட பிலிம் வேணும். ஸ்க்ரீன் பிரிண்டிங் சாமான் விற்கும் கடையில் கிடைத்தது.

இரண்டாவது சொதப்பல்: பிலிமில் அடித்து, தாள் மேல் வைத்து, பழைய போட்டோ பிரேம் கண்ணாடியால் அமுக்கி வெயிலில் வைத்தேன். படம் கலங்கலாக, மூக்குக்கண்ணாடி இல்லாமல் பார்த்த மாதிரி வந்தது.

அன்றைக்கு அப்பா மாடிப்படி நிழலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது தாளை வைக்கும்போது "ம்ஹும்" என்றார். திரும்பினேன். கையை நீட்டினார். நெகட்டிவைக் கொடுத்தேன்.

இடது ஆள்காட்டி விரலை நாக்கில் நனைத்தார். பிலிமின் ஓரத்தைத் தொட்டார். விரல் வழுக்கியது. திருப்பித் தொட்டார். ஒட்டியது. ஒட்டிய பக்கத்தை எனக்குக் காட்டி, கையைக் கவிழ்த்துக் காண்பித்தார். அந்தப் பக்கம் கீழே.

மை இருக்கும் பக்கம் தாளைத் தொடணும். நான் பளபளப்பான பக்கத்தைத் தாளில் வைத்திருந்தேன். மைக்கும் தாளுக்கும் நடுவே பிலிமின் கனம் நின்று வெளிச்சத்தைச் சிதறவிட்டிருக்கிறது. எமல்ஷன் பக்கம் எது என்று இருட்டறையில் கண்டுபிடிக்கும் பழைய வழி அந்த ஈர விரல். 26 வருடம் செய்த வேலை. அந்த விரலுக்கு ஸ்ட்ரோக் வரவில்லை.

மூன்றாவது சொதப்பல் உடனே வந்தது. பிலிமைத் திருப்பி வைத்ததால் படம் கூர்மையாக வந்தது, ஆனால் கோபுரத்துக்குக் கீழே இருந்த பால்கோவா கடை போர்டில் எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்த்த மாதிரி தலைமாறி நின்றது. பிரிண்ட் கொடுக்கும் முன் படத்தை இடவலமாகத் திருப்பணும் என்பதை மறந்திருந்தேன். அப்பா போர்டைப் பார்த்துச் சிரித்தார்.

ஒரு டாக்டராக ஒன்று கவனித்தேன். "சிரிங்க பாக்கலாம்"னு நாங்கள் பரிசோதிக்கும்போது அவர் வாய் ஒரு பக்கம் கோணும். இந்தச் சிரிப்பு கோணவில்லை. பக்கவாத நோயாளிகள் பலருக்கு இது உண்டு. சொல்லிச் சிரிப்பதும் தானாக வரும் சிரிப்பும் மூளையில் வேறு வேறு வழி. புத்தகத்தில் படித்தது. வீட்டில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"பிளேட்டுக்கு"

அடுத்த ஞாயிறு கருப்பு மையில் அட்டகாசமான நெகட்டிவ் ஒன்று அடித்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் கோபுரத்தின் ஒவ்வொரு பொம்மையும் தெரிகிறது. "நல்லா இருக்குல்லப்பா?" என்றேன். "இல்ல" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. வெயிலில் காட்டிக் கழுவினேன். வானம் முழுக்க வெளிர் நீலம். வெள்ளை என்ற பேச்சே இல்லை. நிழல் எல்லாம் ஒன்றோடொன்று அப்பிக் கிடந்தது.

அப்பா தன் கண்ணைத் தொட்டு "இல்ல" என்றார். அப்புறம் பூசிய தாளைக் காட்டினார். ஏதோ சொல்ல வந்தது. வாய் திறந்து மூடியது. நான் வழக்கமாக இந்த இடத்தில் அவசரப்பட்டு வார்த்தையை எடுத்துக் கொடுத்துவிடுவேன். ஸ்பீச் தெரபிஸ்ட் அதைச் செய்யாதீங்கன்னு சொல்லியிருந்தார். அன்றைக்கு எடுத்துக் கொடுக்க என்னிடம் வார்த்தையே இல்லை. காத்திருந்தேன். அரை நிமிஷம் இருக்கும்.

"பி... பிளேட்டு. பிளேட்டுக்கு."

புரியவில்லை. பீரோ மேலே கை காட்டினார். ஏறிப் பார்த்தால் ஒரு பழைய பிரவுன் கவர். உள்ளே சிவப்புக் கலர் பிலிம் துண்டு ஒன்று. அச்சகத்தில் மறைக்க வேண்டிய இடங்களில் ஒட்டும் மாஸ்கிங் பிலிம். கண்ணுக்கு முன்னால் பிடித்தால் அந்தப் பக்கம் எல்லாம் சிவப்பாகத் தெரிகிறது, தெளிவாகவே தெரிகிறது. அதைப் பூசிய தாள் மேல் வைக்கச் சொன்னார். வெயிலில் பத்து நிமிஷம். கழுவினால் அதற்குக் கீழே சுத்த வெள்ளை.

என் கண்ணுக்கு அது கண்ணாடி. பிளேட்டுக்கு அது சுவர்.

நெகட்டிவ் நம்ம கண்ணுக்காகச் செய்வது இல்லை. அதை வாங்கிக்கொள்ளும் தாளுக்காகச் செய்வது. தாள் பார்ப்பது புற ஊதாக் கதிரை. நமக்கு அடர்த்தியாகத் தெரியும் மை அதற்கு வெறும் சல்லடையாக இருக்கலாம். நமக்கு லேசாகத் தெரியும் கலர் அதற்கு இரும்புக் கதவாக இருக்கலாம்.

ராத்திரி படுத்தபோது பந்து ஞாபகம் வந்தது. ஒன்றரை வருடமாக நான் அப்பாவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த விளக்கம் எல்லாம் என் கண்ணுக்குச் சரியாக இருந்தது.

நீங்களும் செய்து பார்க்கலாம்

ஈசிஜி எடுக்கும்போது தாளில் ஒரு சின்னப் பெட்டி மாதிரி கோடு வரும், பார்த்திருக்கீங்களா? ஒரு மில்லிவோல்ட்டுக்குப் பத்து மில்லிமீட்டர் உயரம். மெஷின் சரியாக அளக்கிறதா என்று முதலில் பார்ப்பது. நெகட்டிவுக்கும் அதே மாதிரி அளவு பார்க்கணும். இங்கேதான் எல்லோரும் அவசரப்பட்டுக் கோட்டை விடுவோம்.

1. கரைசல். 100 மில்லி தண்ணீரில் 25 கிராம் ஃபெரிக் அமோனியம் சிட்ரேட். இன்னொரு 100 மில்லியில் 10 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைடு. தனித்தனி பிரவுன் பாட்டில். பூசும்போது மட்டும் சம அளவு கலக்கணும். மங்கலான மஞ்சள் பல்பு போதும். கனமான வாட்டர்கலர் தாளில் மெல்லிய தூரிகையால் ஒரே சீராகப் பூசுங்க. தாள் முழுக்கக் காயணும். ஈரம் இருந்தால் நெகட்டிவில் கறை ஏறிவிடும்.

2. நேரம். பூசிய தாள் மேல் ஒன்றும் அடிக்காத வெறும் பிலிமை வைத்து, அட்டையால் மூடி, 2 நிமிஷத்துக்கு ஒரு பட்டை வீதம் அட்டையை நகர்த்துங்க. கழுவிக் காய்ந்த பிறகு, இதற்கு மேல் நீலம் அடர்த்தியாகவில்லை என்ற முதல் பட்டை எதுவோ, அதுதான் உங்க நேரம். எங்க மாடியில் பங்குனி உச்சி வெயிலில் எனக்கு 8 நிமிஷம். ஐப்பசி மேகத்தில் அரை மணிகூட ஆகும்.

3. கலர். பல கலர்களைச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிலிமில் அடித்து, அந்த நேரத்துக்கு வெயிலில் காட்டுங்க. எந்தக் கட்டத்துக்குக் கீழே தாள் சுத்த வெள்ளையாக இருக்கிறதோ, அதுவே உங்க பிரிண்டரின் சிவப்புப் பிலிம். என் பிரிண்டரில் கருப்பு தோற்றுப்போய், மஞ்சள் கலந்த பச்சை ஜெயித்தது. உங்களுக்கு வேறு வரலாம். மைக்கு மை மாறும்.

4. படிக்கட்டு. வெள்ளையிலிருந்து கருப்பு வரை 21 கட்டம். அந்தக் கலரில் நெகட்டிவாக அடித்துப் படம் போடுங்க. கட்டங்கள் சமமாக இறங்காது. எனக்கு நடு சாம்பல் கிட்டத்தட்ட முழு நீலமாகப் போயிருந்தது. தாளை ஸ்கேன் செய்து, எந்தக் கட்டம் எங்கே போய் விழுந்திருக்கு என்று பார்த்து, ஜிம்ப் மாதிரி இலவச மென்பொருளில் கர்வை அதற்கு எதிர்ப்பக்கம் வளைத்துச் சேமித்துக்கொள்ளுங்க.

5. நெகட்டிவ். படத்தைக் கருப்பு வெள்ளையாக்கி, அந்தக் கர்வைப் போட்டு, தலைகீழாக்கி, இடவலம் திருப்பி, தேர்ந்த கலரில், உச்சத் தரத்தில் அடிக்கணும். சில மணி நேரம் காயவிடணும். மைப் பக்கம் கீழே. ஈர விரல்!

6. கழுவுதல். எங்க போர் தண்ணீரில் கழுவினால் நீலம் வெளிறியது. பிரஷ்யன் ப்ளூவுக்குக் காரத்தன்மை ஆகாது. கேன் தண்ணீரில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டுக் கழுவினேன், சரியானது. கடைசியில் ஒரு லிட்டர் தண்ணீரில் கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டு முக்கினால், ஒரு நாளில் ஏறும் நீலம் கண் முன்னாடியே ஏறும். (மெடிக்கலில் காசு கொடுத்து வாங்கினதுங்க. ஆஸ்பத்திரி ஸ்டாக் இல்லை.)

எச்சரிக்கை: "சயனைடு" என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஃபெரிசயனைடில் அது இரும்போடு இறுகக் கட்டிக் கிடக்கிறது. ஆனால் பாத்ரூம் ஆசிட் மாதிரி வலுவான அமிலத்தோடு சேர்த்தாலோ, நெருப்பில் காட்டினாலோ விஷவாயு வரும். பக்கத்தில்கூட வைக்காதீங்க. கையுறை போடுங்க. சமையல் பாத்திரம் வேண்டாம். முக்கியமாக, கரைசலைப் பழைய குளிர்பான பாட்டிலிலோ தண்ணீர் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீங்க. அப்படி வைத்ததைக் குடித்துவிட்டு வரும் குழந்தைகளை நாங்கள் கேஷுவாலிட்டியில் பார்க்கிறோம். இதே குடும்பத்தில் கம் பைக்ரோமேட் என்று ஒரு முறை உண்டு, அதில் டைக்ரோமேட் வேணும். தோலைப் புண்ணாக்கும், புற்றுநோய் உண்டாக்கும் பொருள். வீட்டு மாடியில் அதை ஆரம்பிக்காதீங்க.

கோபுரமும் ஒயர்களும்

எங்க மாடியிலிருந்து கோபுரம் நன்றாகத் தெரியும். 11 நிலை, 192 அடி. ஆனால் கேபிள் டிவி ஒயர் குறுக்கும் நெடுக்குமாகப் போகும். கம்ப்யூட்டரில் அழித்துவிடலாம்னு உட்கார்ந்தேன். அப்பா "இல்ல" என்றார்.

நெகட்டிவை எடுத்து ஜன்னல் கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டச் சொன்னார். லைட் டேபிளுக்குப் பதில் ஜன்னல். சிவப்பு போஸ்டர் கலர், ரொம்ப மெல்லிய பிரஷ். நெகட்டிவில் வானம் அடர்த்தியாக இருக்கும், கருப்பு ஒயர் மட்டும் வெளிச்சம் புகும் கோடாக இருக்கும். அந்தக் கோட்டைச் சிவப்பால் அடைத்தால் தாளில் அது வானமாகிவிடும். மை கலையாமல் இருக்கப் பின்பக்கம் பூசணும். சின்ன வயதில் அவர் நகத்தில் பார்த்த சிவப்பு இதுதான்.

வலது கைக்காரர். இடது கையில் பிரஷ். முதல் நாள் கோபுரத்தின் காதையே அழித்துவிட்டார். எரிச்சலில் பிரஷ்ஷை வீசினார். அம்மா எடுத்துக்கொண்டு வந்து, "எங்க சின்னாத்தா மாதிரி ஒரு கோடு விட்டு ஒரு கோடு போடுறாரு பாரு"ன்னு சிரித்தார். அடுத்த நாள் நான் டியூட்டி முடிந்து வந்தபோது மறுபடி ஜன்னலுக்கு முன்னால் இருந்தார்.

பிசியோதெரபிஸ்ட்டிடம் சொன்னேன். பந்தைப் பைக்குள் போட்டுவிட்டார். "சார், அந்த வலது கையை பிரேம் மேல வெயிட்டா வைங்க"ன்னு ஆரம்பித்தார். இப்போ தாளை அமுக்கிப் பிடிப்பது வலது கை, பூசுவது இடது கை. கிளிப்பைத் திறக்க வலது கட்டைவிரல் லேசாக வருகிறது.

தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சயனோடைப் பக்கவாதத்துக்கு மருந்து இல்லை. அப்படி யாராவது ஃபார்வர்டு பண்ணினால் என் பேரைச் சேர்க்காதீங்க. இரண்டு வருடத்துக்குப் பிறகு வரும் முன்னேற்றம் மெதுவாகத்தான் இருக்கும். பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, பிரஷர், சுகர் மாத்திரை எல்லாம் அப்படியே தொடரணும். ஆனால் பயிற்சி என்பது நோயாளிக்கு அர்த்தமுள்ள வேலையாக இருந்தால் அவர் திரும்பத் திரும்பச் செய்வார். திரும்பத் திரும்பச் செய்வதுதான் பலன் தரும்.

மருத்துவச் செய்தி

முகம் ஒரு பக்கம் கோணுதா? ஒரு கை தூக்க முடியாமல் விழுதா? பேச்சு குழறுதா? மூன்றில் ஒன்று திடீரென்று வந்தாலும் படுக்க வைக்காதீங்க. காலையில் பார்க்கலாம் என்று சொல்லாதீங்க. எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று குறித்துக்கொண்டு 108-ஐ அழையுங்க. கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கணக்கு, அதிலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போகணும். அப்புறம், இன்றைக்கே வீட்டு மாத்திரை டப்பாவைத் திறந்து எண்ணிப் பாருங்க. டாக்டர் வீடாக இருந்தாலும் சரி.

இன்னொரு விஷயம். முதல் கோபுரப் படத்தை ஹாலில் ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருந்தேன். சில வாரத்தில் வெளுத்துவிட்டது. மனசு கேட்கவில்லை. கழற்றி பீரோவில் அம்மாவின் சேலைக்கு நடுவே வைத்தேன். சில நாள் கழித்து எடுத்தால் நீலம் திரும்பியிருந்தது. அதிக வெளிச்சத்தில் பிரஷ்யன் ப்ளூ நிறம் இழக்கும், இருட்டில் காற்றுப்பட வைத்தால் மீண்டும் ஏறும். வெளுத்துவிட்டது என்று யாரும் தூக்கிப் போட்டுவிடாதீங்க.

கடைசியாக, போன வாரப் படத்தில் "இடது ஓரத்தில் ஒரு ஒயர் அப்படியே இருக்கே டாக்டர்"னு ஒருத்தர் கேட்டிருந்தீங்க. சரியாகப் பார்த்தீங்க. அன்றைக்கு அப்பாவுக்குக் கை அசந்துவிட்டது. நான் பிரஷ்ஷை எடுத்தேன், "இல்ல" என்றார்.

வர்ற ஞாயிறு வெயில் அடித்தால் அதையும் எடுத்துவிடுவார்.

— ஓர் அரசு மருத்துவர், ராஜபாளையம்